முகக்காயங்களும் அவற்றின் காரணங்களும்
(நாச்சியாபுரத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



முகத்தில் வடுவுடையாரைக் காணுந்தோறும் "தலையெழுத்து" என்று கூறி அமைதல் நம்மவர் வழக்கம். முகக்காயங்களுட் பெரும்பாலன பிரமன் எழுத்தல்ல. நம் அசட்டையின் எழுத்தேயாம் என்பதனை எடுத்துரைக்கவே யான் இங்கு நிற்கின்றேன்.

உறுப்புக்களுள் முகமொன்றே மறைப்பின்றி முன்னிற்பது. கையூன்றற்கும் பொழுதில்லா வீழ்ச்சியில் மூக்கும், கன்னவெலும்பும், மோவாயுமே முதற்கண் அடிபடும். அவற்றுள் மூக்கெலும்பு மெல்லியதாகலின் எளிதில் முறியும்.

நம் நாட்டில் முகவெலும்பு முறிவுக்குத் தலைமையான காரணம் சாலை விபத்து. அதனுள்ளும் இருசக்கர வண்டி. 1935-இல் லாரன்ஸ் என்னும் ஆங்கிலப் படைவீரர் மோட்டார் சைக்கிளினின்று வீழ்ந்து மாண்டார். அவரைக் கவனித்த மருத்துவருள் ஒருவராகிய ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941-இல் வெளியிட்டார். நமது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதனை அணியுமாறு விதிக்கின்றது. அங்ஙனமிருந்தும், காரைக்குடிச் சாலையிற் செல்லும் இளைஞர் பலர் கவசத்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டிச் செல்கின்றனர். கைப்பிடிக்கோ முகமுளது? மோவாயை மூடாத அரைக்கவசமும் தாடையைக் காவாது என்பதனை அவர்கள் உணர்தல் வேண்டும்.

இனி, தை மாதத்தில் அணித்தேயுள்ள சிராவயலில் மஞ்சுவிரட்டுக் காணச் செல்வோர் தொலைவில் நிற்றல் நன்று. காளையின் கொம்பு வீரரையும் வேடிக்கை பார்ப்பாரையும் பிரித்தறியாது.

வீட்டினுள்ளும் அபாயமுண்டு. உயர்ந்த நிலைப்படி தடுக்கிக் குழந்தை மோவாயடிபட விழுந்தால், தோலைத் தைத்தமட்டில் அமையற்க. அடி மோவாயிற் பட, முறிவு காதின் முன்னுள்ள தாடைப் பூட்டில் நேர்வதுண்டு. கவனியாது விடின் தாடை வளர்ச்சி குன்றும்; வாய் திறத்தலும் அரிதாகலாம். பால்பல் விழுந்து முளைத்த நிலையான பல் அடிபட்டுக் கழன்றால், வேரைத் தொடாது எடுத்துப் பாலிலிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்ப்பின், மீளப் பொருத்துதல் கூடும்.

இறுதியாக ஒன்று. கன்றிய கண்ணோடு வந்து, "படியில் வழுக்கினேன்" என்னும் பெண்கள் எல்லாருமே வழுக்கினவர்களா? இதனைக் கூற நாணுகின்றேன். கூறாதிருத்தல் அதனினும் நாணத்தக்கது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், 181 என்னும் தொலைபேசி எண்ணும் அவர்க்குத் துணையாக உள்ளன. நம் சங்கத்துப் பெரியோர் "குடும்ப விஷயம்" என்று ஒதுங்காது அவர் பக்கம் நிற்பாராக.

தலையெழுத்தை மாற்ற நம்மால் இயலாதிருக்கலாம். முகத்தில் புதிதாக எழுதாதிருத்தல் நம்மால் இயலும்.