பேர் விழுந்ததா?

பட்டம் பெறும் மாணவர்களே, பிள்ளைகளைப் பார்க்க அதிகாலையிலேயே பஸ் ஏறிப் பேராதனைக்கு வந்திருக்கும் பெற்றோரே,

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான கணக்கு. சொன்ன அளவு கொழுந்து நிறுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அப்பால் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அந்த மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாள் இன்றும் தராசில்தான் முடிவாகிறது.

என் அம்மா கொழுந்தெடுத்தவர். மாலையில் கணக்கப்பிள்ளையிடம், "ஐயா, பேர் விழுந்திச்சுங்களா?" என்று கேட்பார். சில நாள் தலையசைப்பு கிடைக்கும், சில நாள் அதுவும் இராது. சம்பளத்தன்றுதான் உண்மை தெரியும்.

படித்து முடித்து நான் எழுதிய முதல் பெரிய மென்பொருள், ஒரு தோட்டத்தின் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு. நிறுவை, சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம், தொழில் கொடுப்பவரின் 12 வீதம் எல்லாம் பிசகாமல் ஓடின. காரியாலயத்தில் பாராட்டினார்கள். பிறகு ஒரு மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். மழை. கணக்கப்பிள்ளையின் ஈர விரலுக்குத் திரை அசையவில்லை, பாவம், சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினார். எதிரே கூடையோடு நின்ற அக்கா அவரிடம் என் அம்மாவின் அதே கேள்வியைக் கேட்டார். நான் செய்த திரை அந்த அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றது.

அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பொத்தான்களைப் பெரிதாக்கினோம். நிறை தெரியும் திரையைக் கொழுந்தெடுப்பவர்கள் பக்கம் திருப்பினோம். ஒரு சிறு துண்டு அச்சடித்துக் கொடுத்தோம்: எத்தனை கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பு, முழுப்பேரா அரைப்பேரா. கழிப்பைக் காட்ட வேண்டாம் என்றார்கள் காரியாலயத்தில். காட்டியே ஆக வேண்டும் என்று நின்றேன். மலிவான அச்சு இயந்திரம் 'கொழுந்து' என்ற சொல்லின் கொம்பையும் காலையும் கண்ட இடத்தில் போட்டது. அதனால் தமிழ் வரிகளைப் படமாக்கி அனுப்பினோம். இரண்டு வாரம் அதற்கே போனது. முதல் துண்டை வாங்கிய அம்மா ஒருவர் அதை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தார், மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதையே பெரிதாக நினைக்கிறேன்.

பெயரையும் கவனியுங்கள். நம் தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரே முன்னால் வரும். நீங்கள் எழுதும் மென்பொருளின் படிவமோ குடும்பப் பெயரை நிரப்பாமல் நகர விடாது. அடையாள அட்டையில் ஒரு விதம், செக்ரோலில் இன்னொரு விதம் என்று பதிந்துவிட்டால், முதுமையில் சேமலாப நிதிக்காகக் காரியாலயம் காரியாலயமாக அலைய வேண்டும். என் அம்மா அலைந்தார். ஓர் எழுத்துக்காக.

மென்பொருளை விலைக்கு வாங்குபவர் வேறு, அதனால் வாழ்பவர் வேறு. முன்னவர் உங்களைத் தேடி வருவார். பின்னவரை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

வேலையில் சேருமுன் ஒரு நாள் தேயிலை மலைகளிலுள்ள கலஹாவுக்கோ தெல்தோட்டைக்கோ பஸ் ஏறுங்கள். காலையில் ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தைப் பாருங்கள். மாலையில் மடுவத்துக்குப் போய், கூடையோடு நிற்பவர்களின் வரிசையில் கடைசி ஆளாக நில்லுங்கள்.