மேற்படிப்புக்கு முன் கணக்குப் பாடம்

(பட்டதாரிகளுக்கும் பெற்றோருக்கும் நம் அறக்கட்டளையின் கல்விக் குழு நடத்திய ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





மே, ஜூன் மாதங்களில் நம்மிடம் வரும் கல்வி உதவி மனுக்களில் ஒரு வகை மனுவை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். பிள்ளை பி.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கும், அல்லது பி.ஏ. ஆங்கிலமோ அரபியோ படித்திருக்கும். இப்போது எம்.காம்., எம்.பி.ஏ., சி.ஏ. இவற்றில் ஒன்றில் சேர உதவி கேட்கும். கேட்பதில் நியாயம் இருக்கிறது. தூத்துக்குடி துறைமுகத்தைச் சுற்றியுள்ள கப்பல் முகவர் அலுவலகம், சுங்கத் தரகர் அலுவலகம், கன்டெய்னர் கிடங்கு, உப்புக் கம்பெனி என எங்கே வேலை கேட்டுப் போனாலும் "கணக்குத் தெரியுமா, டேலி தெரியுமா, ஜி.எஸ்.டி. தெரியுமா" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். துபாயிலோ ரியாதிலோ இருக்கும் காக்காமார்களும் அதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

சேர முடியுமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

சி.ஏ. படிப்பை எடுத்துக்கொள்வோம். பட்டதாரி ஒருவர் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேரடியாக இடைநிலைக்குப் பதிவு செய்யலாம். வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; மற்றப் பாடம் படித்தவருக்கு 60 விழுக்காடு வேண்டும். இயற்பியலில் 60 வாங்கிய பிள்ளைக்கு இது பெரிய சலுகையாகத் தெரியும். ஆனால் இன்றைய பாடத்திட்டத்தில் இடைநிலையின் முதல் தாளே உயர்நிலைக் கணக்கியல். குறிப்பேடு என்றால் என்ன, பேரேடு என்றால் என்ன என்று ஒரு நாளும் பார்த்திராத பிள்ளை, கம்பெனிகள் இணைப்புக் கணக்கில் போய் நிற்கும். அடிப்படைத் தேர்வு நான்கு தாள்தான், அதில் முதல் தாள் கணக்கியல். அதைத் தாண்டிப் போக அனுமதி உண்டு என்பதற்காக அதில் உள்ள பாடத்தையும் தாண்டிப் போய்விட முடியாது.

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், நாம் இக்னோ என்று சொல்வதில், எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் எம்.காம். சேரலாம். எம்.பி.ஏ.வும் அப்படியே. கதவு திறந்திருக்கிறது, கட்டணமும் கட்டுகிறோம். பிறகு முதல் ஆண்டிலேயே மேலாண்மைக் கணக்கியல் வருகிறது. அடக்கவிலை, தேய்மானம், நடைமுறை மூலதனம் எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதிய பாடம் அது. பிள்ளை இரண்டு மாதம் தட்டுத் தடுமாறிப் பார்க்கும். ஒப்படைப்புகளை யாரிடமோ வாங்கி எழுதி அனுப்பும். தேர்வுக்குப் போகாது. மறு ஆண்டு பதிவும் செய்யாது. அந்தப் பணத்தில் ஜகாத்தும் சதக்காவும் இருக்கின்றன. பணத்தைவிடப் பெரிய இழப்பு, "எனக்குப் படிப்பு வராது" என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிக்கொள்வது. அதற்குப் படிப்பு வராமல் இல்லை. நடுவில் ஒரு படி இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் படியை வீட்டிலிருந்தே, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள், மிகக் குறைந்த செலவில் கட்டிக்கொள்ள முடியும். இன்று உங்களை அழைத்தது அதைச் சொல்லத்தான்.

முதல் புத்தகம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கக்கூடும். தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு கணக்குப்பதிவியல் பாடநூல். தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பட்டம் வாங்கிய பிறகு பதினோராம் வகுப்புப் புத்தகமா என்று முகம் சுளிக்க வேண்டாம். இரட்டைப் பதிவு முறை, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் என்ற வரிசையை ஒரு நாளும் மாற்றாதீர்கள். படித்தால் போதாது, கையால் கணக்குப் போட வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்பிள்ளைகள் திருமணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருப்பது வழக்கம். பிள்ளையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணி நேரம் கணக்குப் போட உட்காரக் கூடிய வசதி நம் ஊர்ப் பெண்களுக்கு இருப்பதுபோல் வேறு எங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இதில் எங்கே கவனம் வேண்டும் என்பதற்கு நம் கடற்கரையிலிருந்தே ஓர் உதாரணம். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து தோணியில் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் போகின்றன. ஒரு வியாபாரி மார்ச் 20ஆம் தேதி 4 லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கடனுக்கு விற்று ஏற்றி அனுப்புகிறார். மாலேயிலிருந்து பணம் மே மாதம் வருகிறது. நம் நாட்டில் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. இந்த 4 லட்சம் எந்த ஆண்டு வருமானம்? கணக்குப் படிக்காதவர் "பணம் வந்த ஆண்டுதான்" என்பார். கணக்கியல் அப்படிச் சொல்லாது. விற்பனை நடந்த ஆண்டிலேயே அது வருமானம். மார்ச் 31 அன்று மாலேக்காரர் நமக்குக் கடனாளி. அதேபோல் தோணிக்கு ஏற்றுகூலி இன்னும் கொடுக்கவில்லை என்றால், அதுவும் அந்த ஆண்டுச் செலவுதான். கொடுபட வேண்டிய செலவு என்று எழுத வேண்டும். இந்த ஒரு கருத்து மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கணக்கியல் வந்துவிட்டது. பதியாவிட்டால் டேலியில் எத்தனை பொத்தானை அழுத்தத் தெரிந்தும் பயனில்லை.

(இடையில் ஒரு செய்தி. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ வெனிஸ்காரர். இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூகா பச்சோலியின் நூல் 1494இல் அச்சானதும் அதே வெனிஸில்தான். கப்பலும் கடனும் உள்ள ஊரில் கணக்கும் வளரும்போல.)

அடுத்து பன்னிரண்டாம் வகுப்பு நூல். அதில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை முடித்தபின் உங்கள் மஹல்லா பள்ளிவாசலின் ஆண்டறிக்கையை எடுத்து வைத்துப் பாருங்கள். பெறுதல் செலுத்தல் கணக்கு வேறு, வருவாய் செலவினக் கணக்கு வேறு என்பது அப்போது புரியும். கடை வாடகை பாக்கி எங்கே எழுதப்பட்டிருக்கிறது, கட்டட நிதிக்கு வந்த நன்கொடையை அன்றாடச் செலவோடு கலந்திருக்கிறார்களா என்றெல்லாம் கேட்கத் தோன்றும். வக்ஃப் சட்டப்படி முத்தவல்லிகள் ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அதை ஒழுங்காக எழுதித் தர ஊரில் நாலு பிள்ளைகள் இருந்தால் நல்லதுதானே.

பாடத்தில் வட்டிக் கணக்கு வருகிறதே, படிக்கலாமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். எந்த வேலையை ஏற்பது, எதைத் தவிர்ப்பது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படிப்பைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது. வியாபாரத்துக்கு ஜகாத் கணக்கிடுவதற்கும் சரக்கிருப்பு எவ்வளவு, வரவேண்டிய கடன் எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று பிரித்தறியத் தெரிய வேண்டும்.

சுயமாகப் படிப்பது ஒரு பக்கம். படித்ததற்குச் சான்று வேண்டுமென்றால் வழிகள் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கழகத்தில், என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்வார்கள், மேல்நிலை வகுப்பில் முழுப் படிப்பும் சேராமல் கணக்கியல் ஒரு பாடத்துக்கு மட்டும் பதிவு செய்து தேர்வு எழுதலாம். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் கணக்கியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்று வேண்டுபவர் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். சி.ஏ. நிறுவனமும் தன் அடிப்படை நிலைப் பாடநூல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. இக்னோவின் பி.காம். பாடப் புத்தகங்களை அங்கே சேராதவர்கள்கூட அதன் மின்நூலகத்தில் படிக்கலாம். அமெரிக்காவில் கணக்கியல் முதுகலை படிக்கப் போகும் பிள்ளைகளிடமும் நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல் போன்ற அடிப்படைப் பாடங்களைப் பல பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே கேட்கின்றன. அங்கே போக நினைப்பவர்கள், எந்த நிறுவனத்தில் படித்த பாடத்தை ஏற்பார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

முழு பி.காம். தேவையா? எல்லோருக்கும் தேவையில்லை. கம்பெனி வேலையோ எம்.பி.ஏ.வோ போதும் என்பவருக்கு மேலே சொன்னதே போதும். அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக ஆசைப்படுகிறவர் கதை வேறு. ஆசிரியர் தேர்வு வாரியம் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. பி.எஸ்சி. இயற்பியலோடு எம்.காம். வைத்திருந்தால் அங்கே செல்லாது. இந்தப் பிள்ளைகள் பி.காம். படித்தே ஆக வேண்டும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியிலும் படிக்கலாம். இப்போது கல்லூரியில் வேறு பாடம் படித்துக்கொண்டிருப்பவர்களும் கவனியுங்கள். 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறைப்படி, நேரில் ஒரு பட்டமும் தொலைநிலையில் ஒரு பட்டமும் ஒரே காலத்தில் படிக்கலாம்.

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் முறையாக அங்கீகாரம் பெற்ற பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழுவே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கிடைப்பதல்ல; எந்தப் படிப்பு, எந்த ஆண்டுச் சேர்க்கை என்று பார்த்துக் கொடுப்பது. பழைய, பெயர் பெற்ற பல்கலைக்கழகமாக இருந்தாலும் அந்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் படிப்பு இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கடைத்தெருவில் பலகை மாட்டிக்கொண்டு "ஒரே ஆண்டில் பட்டம், தேர்வெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவர்களிடம் பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம். தனியாரிடம் உரிமம் கொடுத்துப் படிப்பு மையம் நடத்துவதை விதிகள் தடை செய்திருக்கின்றன. நம் ஊர்க் குடும்பம் ஒன்று அப்படி ஓர் இடத்தில் கட்டிய பணத்தை இன்னும் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறது.

2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர டி.இ.பி. அடையாள எண் கட்டாயம். அதற்கு முன்னால் ஏ.பி.சி. எண் வேண்டும், அதற்கு ஆதார் வேண்டும். நம் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஆதாரில் முஹம்மது என்பது முழுதாக இருக்கும், மதிப்பெண் சான்றில் "மு." என்று ஒற்றை எழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் வாப்பா பெயரும் சேர்ந்திருக்கும். ஃபாத்திமாவை நாலு விதமாக எழுதுகிறோம். சேர்க்கை முடியும் வாரத்தில் இதைச் சரிசெய்ய ஓடாதீர்கள். இப்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வளைகுடா வேலைக்குப் பட்டத்தைக் காட்ட நினைப்பவர்கள், அந்த நாட்டில் தொலைநிலைப் பட்டத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதையும் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

தொலைநிலை என்றால் தேர்வும் வீட்டிலேயே என்று நினைத்துவிடாதீர்கள். இக்னோவில் ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். ஒப்படைப்புக்கு 30 மதிப்பெண், தேர்வுக்கு 70. மகளையோ மருமகளையோ சேர்க்கும் குடும்பம், தேர்வு நாட்களில் யார் கூடப் போவது, பிள்ளையை யார் பார்ப்பது என்று சேர்க்கை நாளிலேயே பேசி வைத்துவிட வேண்டும். தேர்வன்று காலையில் வீட்டில் விருந்து என்ற காரணத்தால் தேர்வுக்குப் போகாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம்.

வரும் கல்வியாண்டு முதல் வணிகவியல், மேலாண்மை, சி.ஏ. மேற்படிப்புக்கு உதவி கேட்கும் பிற பாடப் பட்டதாரிகளிடம், அடிப்படைக் கணக்கியல் படித்ததற்கு ஏதேனும் ஒரு சான்றைக் கேட்பது என்று கல்விக் குழு முடிவு செய்திருக்கிறது. சான்று இல்லாதவர்கள் திரும்பிப் போக வேண்டாம். முதலில் அந்த அடிப்படைப் படிப்புக்கான பதிவுக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் நாங்கள் தருகிறோம். அது முடிந்ததும் மேற்படிப்பு மனு முன்னுரிமையோடு பரிசீலிக்கப்படும். விருப்பமுள்ளவர்கள் ஆதார், பத்தாம் வகுப்புச் சான்று, பட்டச் சான்று மூன்றின் நகல்களோடு ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலின் பிரதிகள் சில வாங்கி வைத்திருக்கிறோம். படித்து முடித்ததும் அடுத்த பிள்ளைக்குத் திருப்பித் தாருங்கள்.