ஜபமும் தியானமும்

ஐம்பது வருஷமாக காயத்ரி 108 ஜபிக்கிறேன். விரல் எண்ணும், மனசு ஆபீஸ் ஃபைலில் இருக்கும். “பால் பொங்கினால் முதல் குரல் உங்களுடையதுதான்” என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவள் காலமானபின் தூக்கம் போயிற்று. இகத்புரியில் பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்குப் போனேன். பேச்சே கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிக்க வேண்டும். பிறகு உடலின் உணர்ச்சிகளை. மனம் ஓடினால் கோபிக்காமல் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள்.

ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்ஸன் 1975-ல் எழுதியதும் இதையே: ஒரு சொல்லையே திரும்பச் சொல்லி, சிதறும் மனத்தை மெல்ல மீட்டால் நாடித்துடிப்பு தணியும். நம் ஜபமும் அதுதானே!

துக்கம் தீரவில்லை, தூக்கம் வந்தது. வழி எதுவானாலும் திரும்பி வருவதே அப்பியாசம். நேரமில்லையா? பத்து காயத்ரி போதும், மனசோடு.