துடைக்கிற பத்து நிமிஷம்

போன நவம்பர்ல ஒரு மழைக்காலை. ஓஎம்ஆர்ல சைக்கிள்ல ஆபீஸ் போய்க்கிட்டிருந்தேன். சோழிங்கநல்லூர் சிக்னல்ல முன்னாடி ஒரு பஸ் நிக்குது. பிரேக் பிடிச்சா கரகரன்னு சத்தம்தான் வருது, வண்டி நிக்கல. காலைத் தரையில தேய்ச்சு, பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னாடி எப்படியோ நிறுத்திட்டேன்.

சைக்கிள் கடை அண்ணன் காட்டினப்போதான் தெரிஞ்சது. பிரேக் கட்டையில ரப்பரே இல்ல. உள்ள இருந்த இரும்பு ரிம்மைச் சுரண்டிக்கிட்டிருந்தது. "எப்போ தம்பி கடைசியா துடைச்சீங்க?"ன்னு கேட்டார். பதில் சொல்ல முடியல. மூணு மாசம் இருக்கும்.

துடைக்கிறது அழகுக்குன்னு நினைச்சிருந்தேன். ஆனா அது நம்ம கோட் ரிவ்யூ மாதிரி. கை படுற இடத்துலதான் கண்ணும் படும்.

இப்போ ஞாயிறு காலையில பத்து நிமிஷம் ஒதுக்கிடுவேன். முதல்ல டயர். எவ்வளவு காத்து வேணும்னு அதோட பக்கவாட்டிலேயே போட்டிருக்கும். கண்ணாடித் துண்டு ஏதாவது குத்தியிருக்கான்னும் பார்ப்பேன்.

அடுத்து பிரேக். கட்டையில இருக்கிற பள்ளக்கோடு மறையப் போகுதுன்னா மாத்திடணும். ரிம்மையும் துடைச்சிடுங்க. டிஸ்க் பிரேக்கா? அதுல எண்ணெய் படவே கூடாது.

கடைசியா செயின். பெடலைப் பின்னாடி சுத்திக்கிட்டே பழைய பனியன் துணியால அழுக்கெடுங்க. காஞ்சதும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில். கொஞ்ச நேரம் கழிச்சு வெளியில இருக்கிறதைத் துடைச்சிடணும், இல்லன்னா மண் ஒட்டும். அம்மாவோட தேங்காய் எண்ணெயைத் தொடாதீங்க, பிசுபிசுன்னு ஆயிடும். மழையில நனைஞ்சா ஞாயிறு வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே துடைச்சு எண்ணெய் விடுங்க.

மாசம் ஒரு தடவை ஸ்கேலும் எடுங்க. ஒரு பின்னோட நடுவுல பூஜ்ஜியத்தை வைங்க. அதுக்கப்புறம் வர்ற 24ஆவது பின்னோட நடு, புது செயின்ல சரியா 12 அங்குலத்துல நிக்கும். 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தா செயினை மாத்துங்க. விட்டா பல்சக்கரமும் தேயும், செலவு பல மடங்காயிடும்.

வாட்டர் சர்வீஸ்ல வேகமா தண்ணி அடிக்க விடாதீங்க. பேரிங்குக்குள்ள தண்ணி போய் கிரீஸ் கழுவிப் போயிடும். ஒரு பக்கெட் தண்ணியும் ஈரத்துணியும் போதும்.

அன்னிக்கு நான் மாத்தின பிரேக் கட்டை ஒரு பிரியாணியை விட விலை கம்மி. இதைக் கேட்டு முடிச்சதும் கீழ போய் உங்க பிரேக்கை ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.