ஒரு கிணறும் இரு புள்ளிகளும்



மலைநாட்டுத் தோட்டமொன்றிலே ஒரு கிணறு இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். பழைய அளவை ஏடொன்றிலே அதன் அகலாங்கும் நெட்டாங்கும் குறிக்கப்பட்டுள்ளன. இன்று ஒருவர் அவ்வெண்களை ஜி.பி.எஸ். கருவியிலே அப்படியே இட்டு, அது காட்டும் வழியே நடப்பாராயின், கிணற்றை அடையமாட்டார். அதற்கு மேற்கே ஏறக்குறைய 220 மீற்றர் தொலைவிலே நிற்பார். கிணறு இடம்பெயரவில்லை, அன்று அளந்தவர் தவறிழைக்கவில்லை, கருவியும் பழுதுபடவில்லை. அங்ஙனமாயின் பிழை எங்கே இருக்கின்றது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பூமி முழு உருண்டையன்று. துருவங்களிலே சற்றுத் தட்டையானது. அதன் மேற்பரப்போ மலையும் பள்ளத்தாக்குமாய் ஒழுங்கற்றுக் கிடக்கின்றது. கணக்கிடுவதற்கோ ஒழுங்கான உருவமொன்று வேண்டும். ஆதலால், அளவையாளர் நீள்கோளம் என்னும் உருவமொன்றைக் கற்பனை செய்து, அதனைப் பூமியோடு பொருத்திவைத்து, அதன்மீதே கணக்கிடுவர். எந்த நீள்கோளம், எவ்விடத்திலே, எவ்வாறு பொருத்தப்பட்டது என்னும் ஏற்பாட்டையே டேட்டம் என்பர். தமிழிலே அதனை ஆதாரத்தளம் எனலாம். அகலாங்கும் நெட்டாங்கும் அந்த ஆதாரத்தளத்தைச் சார்ந்த எண்களேயன்றித் தனித்து நிற்பன அல்ல.

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலே தோன்றியது. நம் நாட்டின் பழைய வரைபடங்களுக்கு ஆதாரமாயிருந்தது, நீர்கொழும்பை அடுத்த கந்தவல என்னுமிடத்தைத் தொடக்கமாகக் கொண்ட தளமாகும். அதற்கெனக் கொள்ளப்பட்ட நீள்கோளம், இந்தியாவின் பெருநில அளவையிலே ஈடுபட்ட ஜோர்ஜ் எவரெஸ்ட் என்பவரின் பெயரால் வழங்குவது. அது நமது பிரதேசத்துக்கு இசையுமாறு அமைக்கப்பட்டது. செய்மதிக் கருவிகள் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் தளமோ உலகம் முழுவதற்கும் பொதுவானது. பூமியின் திணிவு மையத்தையே தன் மையமாகக் கொண்டது. இவ்விரு நீள்கோளங்களின் நடுக்கோட்டு ஆரைகள் 861 மீற்றரால் வேறுபடுகின்றன. அவற்றின் மையங்களும் ஏறக்குறைய 800 மீற்றர் விலகியிருக்கின்றன. ஆகவே, ஒரே எண்கள் இரு தளங்களிலே இரு வேறிடங்களைச் சுட்டுதல் வியப்பன்று.

ஒரு தளத்து எண்களை மற்றத் தளத்து எண்களாக மாற்றுதற்கு வழிகள் உண்டு. எளிய வழி, மையத்தை மூன்று திசைகளிலே நகர்த்துதல் ஆகும். கந்தவலத் தளத்துக்கெனப் பன்னாட்டு அட்டவணைகளிலே வழங்கும் மூன்று எண்கள், குறை 97, கூட்டல் 787, கூட்டல் 86 மீற்றர் என்பன. ஆனால் அவை ஒவ்வொன்றிலும் 20 மீற்றர் வரை ஐயம் உண்டென்பதும் அவ்வட்டவணைகளிலேயே கூறப்பட்டுள்ளது. ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுத்திட்டமுடைய வரைபடத்திலே 20 மீற்றர் என்பது அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அது பென்சிற் கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். காணி எல்லையொன்றை வகுக்கும்போதோ அதே 20 மீற்றர் ஒரு குடும்பத்தின் வளவையே விழுங்கிவிடும். இதனின் நுணுக்கமான வழி, நகர்த்தலோடு மூன்று சுழற்சிகளையும் ஓர் அளவுமாற்றத்தையும் சேர்த்து ஏழு எண்களைக் கொள்வதாகும்.

இவ்வேழெண் முறையிலும் ஒரு பொறி உண்டு. சுழற்சியின் திசையைக் குறிப்பதிலே உலகில் இரு வழக்குகள் உள்ளன. ஒன்றிலே கூட்டலாக இருப்பது மற்றதிலே கழித்தலாக இருக்கும். 1999ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் நம் நாட்டுப் புதிய தளத்துக்குரிய எண்களிலே, ஒரு சுழற்சி ஏறக்குறைய மூன்றரைச் செக்கன். செக்கன் என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. அச்சிறு எண்ணின் குறி மாறினாற்கூட, புள்ளி 200 மீற்றருக்கு மேல் விலகிவிடும். திருத்தவந்த கணக்கே பிழையைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

புவியியல் தகவல் முறைமை எனப்படும் கணனி நிரல்கள் இம்மாற்றங்களையெல்லாம் நொடியிலே செய்துவிடுகின்றன. ஆயினும், தரவு எந்தத் தளத்தது என்பதை நாம் பிழையாகக் கூறினால், நிரல் அதனை நம்பியே கணக்கிடும். பொருத்தமான மாற்றீடு குறிக்கப்படாதவிடத்து, மாற்றாமலே படங்களை ஒன்றன்மேலொன்று அடுக்கிவிடவும் கூடும்.

இங்கே கவனிக்கத்தக்க உண்மையொன்று உண்டு. பழைய வரைபடக் கட்டத்திலே பீதுருதாலகாலை மலைக்குக் கிழக்கிலும் வடக்கிலும் 200,000 மீற்றர் என்னும் எண்கள் கொடுக்கப்பட்டன. புதிய கட்டத்திலே அதே மலைக்கு 500,000 கொடுக்கப்பட்டது. பழைய எண்களைப் புதியவையென்று தவறாகக் கொள்வோமாயின், யாழ்ப்பாணமாயினும் மாத்தறையாயினும் தென்மேற்கே கடலிலே போய் விழும். அப்பெரும்பிழையைச் சிறு பிள்ளையும் கண்டுகொள்ளும். 220 மீற்றர்ப் பிழையோ அத்தகையதன்று. அது தரையிலேயே, அடுத்த தெருவிலே, அடுத்த மலைச்சரிவிலே அமைதியாக அமர்ந்திருக்கும். அதுவே அஞ்சத்தக்கது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்சரிவிலே புதையுண்டதை நாம் மறக்கவியலாது. அவ்வழிவுக்கு வரைபடப் பிழை காரணமென்று நான் கூறவரவில்லை. ஆயினும், அத்தகைய சரிவுகளிலே அபாய எல்லை குறிக்கும் வரைபடமும், குடியிருப்புகளைக் காட்டும் வரைபடமும் வெவ்வேறு தளங்களைச் சார்ந்திருந்தால், அபாயத்துக்குள் இருக்கும் ஒரு லயன் வரிசை படத்திலே பாதுகாப்பான இடத்திலே தோன்றக்கூடுமன்றோ?

ஆகவே, வரைபடத் தரவைக் கையாள்வோர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இவ்வெண்கள் எந்த ஆதாரத்தளத்தைச் சார்ந்தவை? எந்த மாற்றீடு, எவ்வளவு நுணுக்கத்தோடு பயன்படுத்தப்பட்டது? இரு தளங்களிலும் நிலை அறியப்பட்ட அளவைக் கல்லொன்றின்மேல் அது சோதித்துப் பார்க்கப்பட்டதா? மூன்றாவது வினாவே முடிவானது. ஏனெனில் கணனித் திரையிலே இரு கோடுகள் பொருந்துவது போலத் தோன்றலாம். தரையிலே நாட்டிய கல் ஒன்றே உண்மையைக் கூறும். பெறப்பட்ட விடைகளைத் தரவோடு சேர்த்து எழுதிவைத்தலும் கடமையாகும். நாம் எழுதாது விட்டதை நமக்குப் பின் வருவோர் ஊகித்தே அறிய நேரும்.

அக்கிணற்றுக்கு மீண்டும் வருவோம். எண்ணை மட்டும் எழுதிவைத்தவர் பாதி முகவரியையே எழுதினார். அது எந்தத் தளத்தின் எண் என்பதையும் எழுதிவைத்தவரே, தாகத்தோடு வருபவனைத் தண்ணீரண்டை கொண்டுபோய்ச் சேர்ப்பவர்.