நெடுங்கொம்பு மாடு புகட்டும் பாடம்

(வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பசுவைத் தாயென்றும் இடபத்தை இறைவனின் ஊர்தியென்றும் போற்றுபவர் நாம். அப்போற்றுதல் எத்தன்மையது என்று சோதித்துப் பார்க்கத் தூரதேசத்து மாடொன்றின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துக்குரியது நெடுங்கொம்பு மாடு. நுனிக்கு நுனி ஆறடியைத் தாண்டும் கொம்புகளும் உண்டு. 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணந் தொடங்கி ஸ்பானியர் கொண்டுசென்ற மாடுகளின் சந்ததி அது. கட்டறுத்துக் காட்டிலே பெருகிய அவற்றுக்குத் தொழுவமுமில்லை, வைக்கோலுமில்லை. வரட்சியும் ஓநாயும் மெலிந்தவற்றைக் கழித்தன. எஞ்சியவை கள்ளியைத் தின்று, நெடுந்தூரம் நடந்து நீர் தேடி, துணையின்றிக் கன்றீன்று வாழப் பழகின. அவற்றின் குருதியில் இந்தியத் திமில் மாட்டின் கலப்பும் உண்டென 2013இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. ஆகவே, அது நமக்கு முற்றிலும் அந்நியமன்று!

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, நொடித்துக் கிடந்த ரெக்சாசைத் தாங்கியது இம்மாடே. 1867 முதல் கன்சாஸ் மாநிலத்து அபிலீன் புகையிரத நிலையத்துக்கு இலட்சக்கணக்கில் நடத்திச் சென்றார்கள். இறைச்சிக்காகவே என்பது நமக்குக் கசப்பான உண்மை.

பின்பு காலம் மாறியது. 1874இல் காப்புரிமை பெற்ற முட்கம்பி, மேய்ச்சல் வெளிகளை அடைத்தது. விரைவிலே கொழுக்கும் ஐரோப்பிய இனங்கள் வந்தன. உழைத்த மாடு வேண்டாத மாடாயிற்று. கலப்பினாலே தேய்ந்து, 1920களில் அழிவின் விளிம்பை எட்டியது. அப்போது சிலர் விழித்தனர். 1927இல் அமெரிக்கக் காங்கிரஸ் 3,000 டொலர் ஒதுக்கியது. வனத்துறையினர் ஊரூராய்த் தேடிச் சிறு மந்தையொன்றைச் சேர்த்து, ஒக்லஹோமாவின் விச்சிற்றா மலைச் சரணாலயத்தில் விட்டனர். 1964இல் வளர்ப்போர் சங்கமும் எழுந்தது. அவ்வினம் பிழைத்துக்கொண்டது.

நண்பர்களே, சிந்தியுங்கள்! அம்மாட்டைத் தெய்வமென்று வணங்காதவர்கள், அதன் ஊனை உண்பவர்கள், அதன் குலத்தைக் காத்தார்கள். மாட்டுப்பொங்கலன்று கொம்பிலே சந்தனம் பூசும் நாமோ, மறுநாள் தெருவிலே கடதாசி தின்னும் பசுவைக் கல்லெறிந்து துரத்துகிறோம். நம்முடைய சிறிய ஊர் மாட்டைப் பால் குறைவென்று கழித்துவிடுகிறோம். அது வெயிலைத் தாங்கும், கிடைத்த புல்லிலே வாழும் என்பதை எண்ணிப் பார்க்கிறோமில்லை.

பூசை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பூசித்த கை ஒரு வாளி தண்ணீரும் வைக்கட்டும். ஊர் மாடு வளர்க்கும் ஏழைக்கு ஒரு கட்டு வைக்கோலும் கொடுக்கட்டும். வணங்குவது எளிது, வளர்ப்பதே வழிபாடு.