சரவிளக்கு வாயசைக்கிறது



ஹைதராபாத் சார்மினாருக்குத் தெற்கே, சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு குன்றின் மேல் ஃபலக்னுமா அரண்மனை நிற்கிறது. பின்னாளில் நிஜாம் அரசின் திவானாக வந்த சர் விகார்-உல்-உம்ரா 1884ல் அடிக்கல் நாட்டிக் கட்டிய மாளிகை. கட்டி முடிக்க ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. செலவு கையைக் கடித்தது. கடைசியில் மாளிகை ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கானிடம் போய்ச் சேர்ந்தது. 1950களுக்குப் பிறகு பல காலம் பூட்டிக் கிடந்த அந்த அரண்மனையைத் தாஜ் குழுமம் குத்தகைக்கு எடுத்தது. நிஜாம் குடும்பத்து இளவரசி எஸ்ராவின் மேற்பார்வையில் சுமார் பத்து ஆண்டுகள் செப்பனிடும் வேலை நடந்து, 2010 நவம்பரில் ஓட்டலாகத் திறந்தார்கள். 101 பேர் ஒரே பந்தியில் உட்காரக்கூடிய சாப்பாட்டு மேஜை அங்கே இருப்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள்.

மேஜையை விட்டுவிட்டுத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் இன்னொரு அதிசயம் தெரியும். அந்த மாளிகையில் ஆஸ்லர் சரவிளக்குகள் தொங்குகின்றன. ஆஸ்லர் என்பது 1807ல் பர்மிங்காமில் தொடங்கிய கண்ணாடிக் கம்பெனி. 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் 27 அடி உயரத்துக்கு, நான்கு டன் கண்ணாடியாலேயே ஒரு நீரூற்றைச் செய்து நிறுத்தி, வந்தவர்களை எல்லாம் வாய் பிளக்க வைத்தவர்கள். கல்கத்தாவிலும் கடை போட்டு, இங்கிருந்த ராஜாக்களுக்கும் நவாபுகளுக்கும் விளக்கு விற்றவர்கள்.

இப்படிப்பட்ட ஒரு கூடத்துக்குள் மாலை ஏழு மணிக்கு விருந்தாளி ஒருவர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேல் சரவிளக்கு ஜொலிக்கிறது. மேற்கூரைச் சித்திரம் தெரிகிறது. மூலையில் நிற்கும் பளிங்குச் சிலை தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகமும் தெளிவாகத் தெரிகிறது. இத்தனைக்கும் வெளிச்சம் தருவது அந்தச் சரவிளக்குதானா? விவரம் தெரிந்த ஒளி வடிவமைப்பாளர் கை வைத்த இடமாக இருந்தால், இல்லை. நம் சினிமாவில் கதாநாயகன் வாயசைப்பார். பாட்டைப் பாடியவர் வேறொருவர். பழைய கட்டடத்து ஓட்டல்களில் சரவிளக்குதான் அந்தக் கதாநாயகன். பாடுகிற விளக்குகள் கூரையோரக் கார்னிஸ் மடிப்பிலும், அலமாரி உச்சியிலும், தூணின் முதுகுப் பக்கத்திலும் ஒளிந்திருக்கின்றன.

ஏன் இந்த ஏற்பாடு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய 12 லூமென் வெளிச்சம் தரும். 40 கிளைகள் கொண்ட சரவிளக்கில் நாற்பதையும் ஏற்றினாலும் மொத்தம் 480 லூமென்தான். இன்று மளிகைக் கடையில் வாங்கும் 5 வாட் எல்இடி பல்பு ஒன்றே அதைத் தந்துவிடும். அந்தக் காலத்து ராஜ விருந்து என்று நாம் கற்பனை செய்து வைத்திருக்கும் பளபளப்பில் ஒரு சரவிளக்கின் பங்கு, நம் வீட்டுக் குளியலறை பல்பின் அளவுதான்! அந்தக் கொஞ்ச வெளிச்சமே பிரமாதமாகத் தெரிந்ததற்குக் காரணம் சுற்றிலும் இருந்த இருட்டு. பட்டை தீட்டிய கண்ணாடி மணிகளும், தங்கப் பூச்சும், ஆளுயர நிலைக்கண்ணாடிகளும் அந்த மங்கலான, அசைகிற சுடரைப் பிடித்துப் பெருக்கிக் காட்டுவதற்காகவே வைக்கப்பட்டவை. அதே 40 கிளைகளிலும் தலா ஒரு 5 வாட் எல்இடியை மாட்டினால் வெளிச்சம் நாற்பது மடங்காகிவிடும். கண் கூசும். கூசிய கண்ணுக்கு மேற்கூரைச் சித்திரம் தெரியாது. சரவிளக்கின் வேலைப்பாடுகூடத் தெரியாது.

ஆகவே சரவிளக்கை டிம்மரில் நன்றாகத் தணித்து வைக்கிறார்கள். ஜொலிக்க மட்டும் அதற்கு அனுமதி. அந்த ஜொலிப்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கண்ணாடி மணி மின்ன வேண்டுமானால், ஒளி சின்னப் புள்ளியிலிருந்து வர வேண்டும். பால் பூசியது போன்ற வெள்ளை பல்பை மாட்டினால் ஒளி பரவி, மணிகள் வெறும் பிளாஸ்டிக் மாதிரி சோர்ந்து போகும். உள்ளே இழை தெரிகிற தெளிந்த கண்ணாடி பல்பைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். அது போதாதென்றால் தூரத்திலிருந்து ஒடுங்கிய கதிர் ஒன்றை மணிகளின் மேல் விடுவதும் உண்டு. பார்ப்பவருக்குச் சரவிளக்கே மின்னுவதாகத் தோன்றும்.

ஓட்டலுக்கு மின்சாரம் வந்த கதையும் சுவையானது. 1881ல் லண்டனின் சவாய் தியேட்டர் முழுக்க முழுக்க மின்விளக்கில் இயங்கத் தொடங்கியது. சுமார் 1,200 பல்புகள். ஜனங்களுக்கு உள்ளூரப் பயம். தியேட்டர் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் மேடையேறி, எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை மஸ்லின் துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி தீப்பிடிக்கவில்லை. 1889ல் அவரே பக்கத்தில் சவாய் ஓட்டலைத் திறந்தபோது, மின்விளக்கையே அதன் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அந்த ஓட்டலை நடத்த வந்தவர் செசார் ரிட்ஸ். பின்னர் 1898 ஜூன் 1 அன்று, பாரிஸ் வாந்தோம் சதுக்கத்தில், 18ஆம் நூற்றாண்டின் முகப்புக்குப் பின்னால் தன் பெயரிலேயே ஓட்டல் திறந்தார். அங்கே விளக்குகளைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவருடைய மனைவி மாரி பின்னாளில் புத்தகத்தில் எழுதி வைத்தார். மாரியை மணிக்கணக்கில் உட்கார வைத்து, ஒவ்வொரு நிறத் திரையாக விளக்குக்கு மாட்டச் சொல்லி, எந்த வெளிச்சத்தில் முகம் அழகாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம் ரிட்ஸ். கடைசியில் ஆப்ரிகாட் பழத்தின் இளஞ்சிவப்பு தேர்வானது. கட்டடத்தைப் பார்த்து விளக்கு வாங்குவதற்கு முன்னால் விருந்தாளியின் முகத்தைப் பார்த்திருக்கிறார். இன்றும் பாதி ஓட்டல்களுக்கு இது புரிந்ததாகத் தெரியவில்லை. மேஜைக்கு நேர் மேலே கூரையிலிருந்து ஒரு ஸ்பாட்லைட் அடிக்கிறார்கள். கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழுந்து, சாப்பிட வந்தவர் ஏழு நாள் காய்ச்சலில் கிடந்தவர் போலத் தெரிகிறார். மேஜையின் மேல் தாழ்வாக வைத்த சின்ன விளக்கும், வெள்ளை விரிப்பில் பட்டு மேலே திரும்பும் ஒளியும் அந்த நிழல்களை அழித்துவிடும்.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்கிறார்கள். மெழுகுச் சுடர் சுமார் 1,900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2,700. நம் வீடுகளில் டியூப்லைட் பழக்கத்தில் எல்லோரும் கேட்டு வாங்கும் வெள்ளை எல்இடி 6,500. பழைய மரவேலையும் தங்கப் பூச்சும் உள்ள அறையில் இந்தக் கடைசி ரகத்தைப் போட்டால் அரண்மனை, பதிவாளர் அலுவலகமாகிவிடும். இப்போது தணிக்கத் தணிக்கச் சிவந்து, 1,800 கெல்வின் வரை இறங்கும் எல்இடிகள் வந்திருக்கின்றன; மாலை ஏழு மணிக்கு ஒரு நிறம், பதினொரு மணிக்கு ஒரு நிறம் என்று சுடர் போலவே தாழ்கின்றன. கெல்வின் சரியாக இருந்தாலும், மலிவான எல்இடி சிவப்பைச் சரியாகக் காட்டாது. தேக்கு சாம்பல் பூத்துப் போகும், வெல்வெட் வெளுக்கும், ஹைதராபாத் பிரியாணிகூட ஆறிப்போனது போலத் தெரியும்.

இதெல்லாம் புது ஓட்டலுக்கும் பொருந்தும். பழைய கட்டடத்தில்தான் உண்மையான தலைவலி ஆரம்பமாகிறது. புதுக் கட்டடமென்றால் சுவரை வெட்டிப் பைப்பைப் புதைத்துப் பூசிவிடலாம். ஃபால்ஸ் சீலிங் போட்டு ஒயர்களை மறைத்துவிடலாம். நூறு வருடத்துச் சுண்ணாம்புக் காரையில் உளி வைத்தால் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டப் போய் ஒரு கஜம் உதிரும். மேற்கூரைச் சித்திரத்தின் மேல் சீலிங் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வடிவமைப்பாளர்கள் முதலில் தேடுவது, கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் வழிகளைத்தான். பழைய ஒயர் போன பாதை, கேஸ் விளக்குக் குழாய் போன துளை, புகைபோக்கி, மரத்தளத்தின் அடியிலுள்ள இடைவெளி, கார்னிஸுக்குப் பின்னால் உள்ள பள்ளம். ஆணி அடித்தே ஆக வேண்டுமென்றால் கல்லில் அடிக்காமல் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் அடிக்கிறார்கள். நாளைக்குப் பிடுங்கினால் சாந்தைப் பூசிச் சரிசெய்துகொள்ளலாம். ஒயரே இல்லாமல் ரேடியோ அலையில் இயங்கும் சுவிட்சுகள் இந்தக் கட்டடங்களுக்கு வரப்பிரசாதம். தரையில் நிற்கும் விளக்கும் மேஜை விளக்கும் இன்னும் சௌகரியம். சுவரைத் தொடவே வேண்டியதில்லை.

எடையையும் கவனிக்க வேண்டும். குவாலியரின் ஜெய் விலாஸ் அரண்மனை தர்பார் கூடத்தில் இரண்டு ராட்சத சரவிளக்குகள் தொங்குகின்றன; ஒவ்வொன்றும் மூன்றரை டன் என்பார்கள். அவற்றை மாட்டும் முன் கூரை தாங்குமா என்று பார்க்க யானைகளைக் கூரை மேல் ஏற்றி நடக்கவிட்டதாக ஒரு கதை உண்டு. இன்றைக்குக் கட்டமைப்புப் பொறியாளர் வந்து, கொக்கியையும் உத்தரத்தையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். யானை அளவுக்குச் சுவாரசியமில்லை. ஆனால் கூரைக்கு நல்லது.

விருந்தாளிகள் கவனிக்காத இன்னொரு விஷயம், ஒளியே பொருட்களைத் தின்னும் என்பது. பழைய பட்டுத் திரை, நீர்வண்ண ஓவியம், தோல் அட்டைப் புத்தகம் ஆகியவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) மேல் ஒளி விழக்கூடாது என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். அளவோடு காலமும் முக்கியம். நடுத்தரமாக நிறம் மங்கக்கூடிய பொருளுக்கு ஓராண்டில் 150,000 லக்ஸ்-மணி (லக்ஸை எரியும் மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) வரம்பு என்று சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் வழிகாட்டி சொல்கிறது. அருங்காட்சியகம் மாலையில் கதவைச் சாத்திவிடும். ஓட்டலுக்கு ஏது கதவடைப்பு? அதே 50 லக்ஸை இரவும் பகலும் எரியவிட்டால் ஆண்டுக்கு 438,000 லக்ஸ்-மணி ஆகிவிடும், ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால்தான் தாழ்வாரத்துப் படங்களின் மேலுள்ள விளக்கு ஆள் வந்தால் பிரகாசிக்கவும், போனதும் தணியவும் உணரிகள் வைக்கிறார்கள்.

கட்டடத்தின் வெளிப்பக்கம் வேறு கதை. நேர் எதிரே நின்று ஃபிளட்லைட் அடித்தால் தூண்களும் செதுக்கல்களும் நிழலை இழந்து, முகப்பு சினிமா செட் மாதிரி தட்டையாகிவிடும். சுவரோடு ஒட்டி, கீழிருந்து உரசிக்கொண்டு போகும் ஒளிதான் செதுக்கலை எழுப்பிக் காட்டும். தூண் வரிசையானால் பின்சுவரை மட்டும் ஒளிரவிட்டுத் தூண்களை இருட்டாக நிறுத்துவதும் ஒரு வழி.

இதில் சிங்கப்பூரின் ஃபுல்லர்டன் ஓட்டலுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1928ல் திறந்த அந்தக் கட்டடத்தில்தான் ஊரின் தலைமை அஞ்சலகம் இருந்தது. 1958ல் அதன் கூரை மேல் கலங்கரை விளக்கமும் வந்தது. கப்பல்களுக்கு வழிகாட்டிய அந்த விளக்கை 1970களின் இறுதியில் அணைத்துவிட்டார்கள். சுற்றிலும் எழுந்த அடுக்குமாடிகள் அதன் ஒளியை மறைத்துவிட்டன. 2001ல் ஓட்டலாக மறுபிறவி எடுத்த அந்தக் கட்டடம் இன்று கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே இரவில் தேன் நிறத்தில் நிற்கிறது. கோபுரங்களோடு பிரகாசத்தில் போட்டி போட்டால் தோற்றுவிடும். அவற்றின் வெள்ளைக்கும் நீலத்துக்கும் எதிராக இளஞ்சூட்டு நிறத்தில் நிற்பதால்தான் கண்ணில் படுகிறது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இந்த வேலையின் ஆயுள், திறப்பு விழாவுக்கு மூன்று வருடம் கழித்து ஸ்டோர் ரூமில்தான் முடிவாகிறது. ஒரு பல்பு போய்விடும். கணக்கர் மலிவானதை வாங்கச் சொல்வார், எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்ததை மாட்டுவார். மஞ்சள் வரிசைக்கு நடுவே ஒரு நீலப்பல் முளைக்கும். அனுபவப்பட்ட வடிவமைப்பாளர்கள் அதனால் கடைசி நாளில் வரைபடங்களோடு ஒரு பதிவேட்டையும் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு விளக்கிலும் எந்த பல்பு, எத்தனை கெல்வின், எந்த டிம்மரோடு ஒத்துப்போகும், எந்த நேரத்து ஒளியமைப்புக்கு எத்தனை சதவீதம் வெளிச்சம் என்று எல்லாம் அதில் இருக்கும். உபரி பல்புகளையும் ஒரே தயாரிப்பு வரிசையில் முன்கூட்டியே வாங்கிப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் ஒரே கம்பெனியின் 2,700 கெல்வின்கூட வேறொரு வருடத்து வரிசையில் துளி பச்சையடித்து வந்து நிற்கும்.